குட்டி கியரில் மாட்டிய பை

என் வண்டிக்கு இரண்டு கியர் கம்புகள். ஒன்று எல்லா வண்டியிலும் இருப்பது. பக்கத்தில் குட்டையாக நிற்கும் இன்னொன்று, நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து இழுவை கொடுப்பது. சேறு, பாறை, ஆற்று மணல் என்று மனிதனுக்குச் சோலி இல்லாத இடங்களுக்குப் போக அதைத் தள்ளவேண்டும். வாங்கிய நாளிலிருந்து என் மனைவி அதில் காய்கறிப் பையை மாட்டிவந்தாள்.

இந்த ஜீப்பை ஏன் வாங்கினேன் என்று கேட்டால் பதில் இல்லை. ஐம்பதை நெருங்கும் ஆண்களுக்கு வரும் வியாதிகளில் சர்க்கரை இதைவிடக் கௌரவமானது. இதே வியாதிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டீக்கடை முன்னால் கூடுவோம். சேற்றில் ஓட்டுவதைப் பற்றிப் பேசுவதற்காகப் பளபளவென்று கழுவிய வண்டிகளில் வருவோம். வெள்ளத்துக்குள் போனால் எஞ்சின் மூச்சுவிட ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குழாய் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அது இதுவரை கண்ட வெள்ளம், வண்டி கழுவும் இடத்து ஹோஸில் வருவதுதான். கிளட்ச் இல்லாத கார் ஓட்டுகிறவர்களை நாங்கள் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் அக்காள் கணவர் அந்தக் கணக்கில் சேராதவர். மஸ்கட்டிலிருந்து திரும்பியதும் கியர் மாற்றத் தேவையில்லாத கார் ஒன்று வாங்கினார். "இதெல்லாம் ஓட்டுறதா அத்தான்? லிஃப்டுல போற மாதிரில்லா" என்றேன் ஒருநாள்.

"நீ கிளட்ச மிதி மாப்ளே, மிதி. நான் போய்ச் சேந்துட்டு ஒனக்கு போன் பண்ணுகேன்" என்றார்.

மாசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். தாலிகட்டுக்கு முன்னால் தாய்மாமன் மாலை போட்டுப் பெண்ணை மணமேடைக்கு அழைத்துவர வேண்டும். நான் ஒரே மாமன். தோவாளைப் பூச்சந்தையில் மாலை வாங்கிக்கொண்டு நானும் மனைவியும் புறப்பட்டோம். மண்டபத்துக்கு நல்ல தார்ச்சாலை உண்டு. மினி பஸ்களும் ஆட்டோக்களும் ஒரு பெருமையும் இல்லாமல் போய்வருகிற சாலை. நான் வண்டியைச் சானல் கரைக்குத் திருப்பினேன். கால்வாயை ஒட்டிய மண்பாதை. ஒரு வண்டிக்கு மட்டுமே அகலம்.

"இஞ்ச ஏன் திருப்புகிய? ரோட்டுக்கு என்ன கேடு?" என்றாள்.

"இந்த வண்டிக்கு இதுதான் ரோடு."

"தாலி கட்டு நமக்காவ நிக்காது. சொல்லிட்டேன்."

பாதி தூரத்தில் எதிரே நெல் அறுக்கும் எந்திரம் வந்தது, ஒரு வீடு நடந்து வருவதுபோல. எந்திரத்தால் பின்னால் போகமுடியாது. என்னாலும் முடியாது, முதுகில் மாட்டிய உபரிச் சக்கரம் பின்கண்ணாடியை அடைத்துக்கொண்டிருந்தது. சேலம் பக்கத்து டிரைவர் எட்டிப் பார்த்து, என் வண்டியின் பக்கவாட்டில் நானே காசு கொடுத்து ஒட்டிய எழுத்துகளைப் படித்தார்.

"அண்ணே, இது ஃபோர் வீல்தானுங்களே? வயலுக்குள்ள எறங்கி நின்னுக்கங்க."

மறுக்க என்ன இருக்கிறது? டிராக்டர் இறங்கும் சரிவில் இறங்கினேன். அறுத்த வயல் மேலே காய்ந்து கிடந்தது, உள்ளே களி. எந்திரம் கையசைத்துக் கடந்து போனது. ஏற முயன்றபோது பின்சக்கரங்கள் அதே இடத்தில் சுற்றின. குட்டி கியருக்கு முகூர்த்தம் வந்துவிட்டது என்று மனைவியின் பையைக் கழற்றிவிட்டுத் தள்ளினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். இத்தனை நாள் சும்மாவே இருந்து, அப்படியே இறுகிப்போயிருந்தது. கிளட்ச் கருகும் நாற்றம் பிச்சிப்பூ வாசனையை மீறி வந்தது.

பூக்கூடையை இறக்கிவிட்டு மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் கரையில் நின்று பார்த்தார். "கலியாணத்துக்கா அண்ணாச்சி? ஒராள் ஏறலாம்."

கடைகடையாக ஏறி இறங்கி எடுத்த பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த மனைவி, மாலையை என் கையில் வைத்தாள். "போங்க. அத்த இல்லாம தாலி ஏறும். மாமன் இல்லாம ஏறாது."

முட்டுவரை களியோடு மண்டபத்தில் இறங்கியபோது நாதஸ்வரக்காரர்கூட ஒருகணம் என் காலைப் பார்த்தார். அக்காள் தலையில் அடித்துக்கொண்டு, "ஏலே, நடவு நட்டுட்டு வாறியா?" என்றாள். மாலையைப் போட்டேன். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தாள். அது நாணமென்று நினைத்து போட்டோக்காரர் படமெடுத்தார்.

பந்தி முடிந்ததும் அத்தானே என்னைத் தன் காரில் சானல் கரைக்குக் கொண்டுவிட்டார். வழி முழுக்க அவருடைய இடது கால் மட்டும் வேலையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. கேலிக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜீப் கரைமேல் நின்றது. எந்திரக்காரர் திரும்பும் வழியில் சங்கிலி போட்டு இழுத்துவிட்டிருந்தார். மனைவி இருந்த இடத்திலேயே இருந்தாள். பந்தியிலிருந்து அவளுக்காகக் கொண்டுவந்த போளியும் பாயசமும் இருந்த பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

வாங்கிக் குட்டி கியரில் மாட்டினாள்.

"இதுல இருக்கட்டும். இது அசையாது."