ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

நாங்கள் இருக்கும் தென்பிரான்சு ஊரில் மருந்துக்கடைக்காரம்மா கருத்தடை மாத்திரைப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, "மறக்காமல் தினமும், ஒரே நேரத்தில்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். பின்னால் நிற்கும் கிழவர் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சும்மா நிற்பார். முதல் தடவை எனக்குக் காது மடல் சுட்டது. நான் பிறந்த ஒதியம்பட்டில் இதையே என் தங்கை பிலோமியிடம் சொல்ல, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

அது எழுபதுகளின் கடைசியில், விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது. பிலோமிக்கு நாலு பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிசு. இன்னொன்றை உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆப்பரேஷன் என்றால் அவளுக்கு நடுக்கம். அவள் புருஷனோ எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று கரும்பு வெட்டப் போய்விடுவார். என் பையிலிருந்த பெட்டிகளில் இரண்டை அவளுக்குக் கொடுத்தேன். டாக்டரைக் கேட்காமல் கொடுத்தது தப்புதான், அன்று தோன்றவில்லை. "காலையில எழுந்ததும் போட்டுடணும். நேரம் தப்பவே கூடாது" என்று மிரட்டியும் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அட்டையைக் காட்டச் சொன்னேன். இருபத்தொன்றும் தீர்ந்திருக்க வேண்டும். மூன்று மிச்சம் இருந்தன.

"ஞாயித்துக்கெழம எப்டிக்கா போடுவேன்? பூசையில நன்மை அப்பம் வாங்க வாணாமா? பூசைக்கு முன்னாடி பல்லுல பச்சத்தண்ணி படலாமா?"

"பூசை முடிஞ்சி வந்து போட்டிருக்கலாமேடி!"

"நீதான நேரம் தப்பக்கூடாதுன்ன. தப்புனா கெடுதல்னு வுட்டுட்டேன்."

"மாத்திரையே பாவம்னுதான சாமியாரு சொல்றாரு?"

"அது வேற, இது வேற."

எப்படி வேறு என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

வாரத்துக்கு ஒன்று விட்டால் மற்ற ஆறும் காப்பாற்றுமா? யாரைக் கேட்பது? பக்கத்து வில்லியனூர் ஆஸ்பத்திரி நர்சு எங்களுக்குத் தூரத்து உறவு. நாங்கள் திரும்புவதற்குள் சேதி வீட்டுக்கு வந்துவிடும். மாதத் தூரம் வருமா என்று காத்திருந்தோம். தினமும் காலையில் அவள் முகத்தைப் பார்ப்பேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு மாட்டுக்குக் கரும்புத்தோகை கட்டித் தூக்கப் போவாள். இவளுக்கு ஏதாவது ஆனால் அது என் வாயால் வந்த வினை என்று பயந்து செத்தேன். வில்லியனூர் மாதா கோயிலில் முழங்காலில் நின்று, இவளுக்குப் பிள்ளை வேண்டாம் என்று கேட்டேன். பக்கத்தில் ஒருத்தி பிள்ளை வரம் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். மாதாவுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

ஒன்பதாம் நாள் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். "தூரமாயிட்டேன்க்கா." அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஒங்க ஊரு பொம்பளைங்க பூசை முடிஞ்சி வந்துதான் போடுவாங்களா?"

ஒதியம்பட்டில் பிறந்த என்னிடம் "ஒங்க ஊரு" என்றாள். அது உறைத்தது. ஆனாலும் "ஆமாம்" என்றேன். பிரான்சில் நான் பூசைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த ஞாயிறு இருவரும் வெறும் வயிற்றோடு போய் நன்மை வாங்கினோம். முந்தானையில் ஆளுக்கொரு மாத்திரை முடிந்து வைத்திருந்தோம். பூசை முடிந்து, தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து அங்கேயே விழுங்கினோம்.

இங்கே திரும்பி வந்த பிறகும் நான் பூசைக்குப் போகவில்லை. ஆனால் மாத்திரை போட்ட காலம் முழுக்க, ஞாயிறு காலையில் மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பேன். வில்லியனூரில் பூசை எப்போதோ முடிந்திருக்கும் என்று தெரியும். இருந்தாலும் அங்கே மணி என்ன என்று ஒரு தடவை கணக்குப் பார்த்த பிறகுதான் தொண்டையில் இறங்கும்.