எழிலரசியின் கைராசி அட்டை

படப்பையில் இறங்கி எழிலரசி வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ‘தட்டுக்காரம்மா’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதும், ஷேர் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். இதெல்லாம் இரண்டாயிரத்து நான்கு வரைக்கும். அதற்கப்புறம் கேட்டிருந்தால், ‘பாவம், அந்தம்மாவா’ என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்திருப்பார்.

கல்யாணமோ வளைகாப்போ, எதுவானாலும் வரிசைத் தட்டு தூக்காமல் நடக்குமா? பழம், பூ, புடவை, வளையல் என்று எல்லோரும் தட்டில் குவித்துவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். எழிலரசி குவிக்கமாட்டாள். தேங்காய்க்குக் கண்ணும் மீசையும் ஒட்டி, தலைப்பாகை கட்டி மாப்பிள்ளையாக்குவாள். துண்டை மடித்து அன்னம் செய்வாள். விரலி மஞ்சளை நூலால் கட்டி மாட்டு வண்டி. அவளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. கணவன் ரத்தினம், ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி வேன் ஓட்டினான். அவன் போனால் வர நேரமாகும். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் கையில் கிடைத்ததை வைத்து அவளாகவே கற்றுக்கொண்டாள்.

செய்வதெல்லாம் சரி, விற்கத் தெரிய வேண்டுமே! முதல் இரண்டு வருஷம் ஃபேன்சி ஸ்டோர் ஞானம்மாவின் கடைக் கண்ணாடிக்குள் நாலு தட்டு தூசி படிந்து கிடந்தது. கல்யாண மண்டபத்து மேனேஜர் ராமன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா நீ, சாமான இவ்ளோ ஷோக்கா செஞ்சுட்டு கடைல பூட்டி வெச்சினுகீற? இங்க நாலு பேரு பாப்பான். மண்டபத்துல வரிசைல தூக்கினு போனா நானூறு பேரு பாப்பான். மொத கல்யாணத்துக்கு சும்மா செஞ்சு குடு. தாம்பூலப் பைல தேங்காயோட உன் அட்டையும் போடு. தேங்காய சட்னி அரைச்சுடுவான், அட்டை வூட்லயே கெடக்கும்.”

ராமன் சொன்னபடி செய்தாள். முதல் கல்யாணம் ஞானம்மாவின் மூத்த மகளுக்கு. அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் பத்தாம் மாதம் குழந்தை பிறந்தது. ஊரில் எத்தனையோ பேருக்குப் பத்தாம் மாதம் பிறக்கிறது. அதில் என்ன அதிசயம்? ஆனால் ஞானம்மா கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், ‘எழிலு தட்டு வந்த நேரம்’ என்று சொல்லப்போக, அடுத்த வாரமே மூன்று ஆர்டர் வந்தது. எழிலரசிக்குச் சட்டென்று பிடிபட்டது. அன்னத்தையும் மாட்டு வண்டியையும் நாளைக்கு வேறொருத்தி பார்த்துச் செய்துவிடலாம். கைராசியை எப்படிச் செய்வாள்?

அட்டை அடித்தாள். ‘எழில் தட்டு வந்தால் பத்து மாசத்தில் தொட்டில்’ என்று மேலே மஞ்சளில் எழுத்து. கீழே மாலையும் கழுத்துமாக அவளும் ரத்தினமும் நிற்கும் படம். ஸ்டுடியோவில் ரத்தினம் நெளிந்தான்.

“தட்டு செய்யறது நீ. என் மூஞ்சி இன்னாத்துக்கு?”

“நீங்க பக்கத்துல நின்னாதாங்க அது ராசியான கை. தனியா நின்னா வெறுங்கை” என்று சொல்லி அவன் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். படம் நன்றாகவே விழுந்தது.

ஐயாயிரம் அட்டை. தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் வரை தாம்பூலப் பையில் ஏறி வீடு வீடாகப் போனது. ஜனங்கள் அதை ரேஷன் கார்டுக்குள்ளும் முகம் பார்க்கும் கண்ணாடி இடுக்கிலும் செருகிவைத்தார்கள். ‘நீங்களே வந்து முதல் தட்டை எடுத்துக் குடுக்கணும்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எழிலரசியும் பட்டுக் கட்டி, குங்குமத்தைச் சற்றுப் பெரிதாகவே இட்டுக்கொண்டு போனாள். போகிற இடத்தில் பேச்சுக்குப் பேச்சு அவளே எடுத்துவிடுவாள்: “பாத்துக்கங்கம்மா, நல்ல காரியத்துக்கு யாரு கை படுதுன்னு பாத்துதான் தொட வுடணும்.”

வேலை கூடியதும் பின்போர்ஷனில் குடியிருந்த பாண்டிச்செல்வி கைகொடுக்க வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். புருஷன் இசக்கிபாண்டிக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் லைன் வேலை. பாதி நாள் ஓ.டி. இரண்டு பேரும் காலை முழுக்க வளையல் அடுக்குவதும் வாயாடுவதுமாகச் சகோதரிகள் மாதிரியே ஆகிவிட்டார்கள். ஒருநாள் பாண்டிச்செல்வி கேட்டாள்.

“யக்கா, அது எப்படிக்கா நம்ம தட்டு போன வீட்டுல எல்லாம் புள்ள பொறக்கு?”

எழிலரசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அடியே, நாப்பது கல்யாணத்துல முப்பது வூட்ல எப்டியும் பொறக்கும். அத ஊரெல்லாம் சொல்லுவேன். மீதி பத்து வூட்டப் பத்தி வாயத் தொறக்கமாட்டேன். அவ்ளோதான்.”

“யாத்தே! அப்ப எல்லாம் பொய்யாக்கா?”

“பொய் இல்லடி. வெளம்பரம்.”

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள்.

இரண்டாயிரத்து நான்கு ஆனி மாதம், முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன வேன், ஓரகடம் தாண்டிச் சாலையோரம் விளக்கில்லாமல் நின்ற லாரியின் பின்னால் மோதியது. உள்ளே இருந்த கம்பெனி ஆட்கள் கைகால் காயத்தோடு பிழைத்தார்கள். ரத்தினம் பிழைக்கவில்லை. எழிலரசிக்கு வயது முப்பத்து நான்கு. மகள் வேல்விழி ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

காரியம் எல்லாம் முடிந்து, நெற்றியும் தலையும் வெறுமையாக அவள் உட்கார்ந்திருந்தபோது போன் மணி அடித்தது. வாலாஜாபாத்திலிருந்து ஒரு பெண்மணி. மகள் கல்யாணத்துக்கு முப்பத்தோரு தட்டு; நீங்களே முன்னால் நிற்க வேண்டும் என்றாள். எழிலரசி மறைக்காமல் சொன்னாள், “அவரு தவறிட்டாருங்க. தட்டு நான் செஞ்சு அனுப்பறேன்.”  அந்தப் பக்கம், “அய்யோ... சரிம்மா, வூட்ல கேட்டுட்டு பேசறேன்” என்று குரல் தேய்ந்தது. பேசவில்லை. இன்னொருத்தி இன்னும் நல்லவள். “உங்க அட்டைய எங்கூட்டு சாமி ரூம்ல வெச்சிருந்தேன்மா. இப்ப எடுத்துடலாமா?” என்று மரியாதையாகக் கேட்டாள்.

அச்சடித்துக் கொடுத்த ஐயாயிரத்தை எந்த வீட்டுக்கு என்று போய்த் திரும்ப வாங்குவாள்? படத்தில் பக்கத்தில் நின்றவன் போய்விட்டான் என்ற சேதி அட்டையைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஞானம்மா மட்டும், “எங்க சர்ச்சுல இதெல்லாம் பாக்கறதில்ல எழிலு” என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராசி பார்க்காத ஞானம்மாவும் இளைய மகள் கல்யாணத்துக்குத் தட்டைத் தாம்பரத்திலிருந்து வரவழைத்தாள்.

நாலைந்து மாதம் எப்படியோ ஓடியது. எழிலரசி வீட்டுக்குள் இருந்து செய்வாள். பாண்டிச்செல்வி பூ வைத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவாள். ‘செஞ்சது யாரு’ என்று கேட்டால், ‘நாந்தான்’ என்று சொல்லும்படி எழிலரசி சொல்லியிருந்தாள். அப்புறம் அதையும் யாரோ மோப்பம் பிடித்துவிட்டார்கள். போன் அடிப்பது நின்றது. ஸ்கூல் பீஸுக்குத் தவணை கேட்டு நிற்கிற நிலைமை. கம்பெனி கேன்டீனில் காய் நறுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று இசக்கிபாண்டி சொன்னான். எழிலரசி அவனை முறைத்தாள். இந்தக் கை வெங்காயம் நறுக்கவா இருக்கிறது?

ராமனிடம் போய் நின்றாள். மனுஷன் அவளை உட்காரவைத்துச் சொன்னார்.

“வாயால சொன்னா எவனும் நம்பமாட்டான்மா. காட்டணும். உன் கையால ஒரு வளைகாப்பு நடக்கணும். அந்தத் தட்ட நாலு பேரு கண்ணால பாக்கணும். புள்ள நல்லபடியா பொறக்கணும். அது மட்டும் நடக்கட்டும், மீதிய நான் பேசிக்கறேன்.”

கடவுளே வழி விட்ட மாதிரி, பாண்டிச்செல்வி அப்போது ஐந்து மாதம். எழிலரசிக்கு உயிர் வந்தது. “உன் வளைகாப்புக்கு ஒம்போது தட்டு, என் கையால. பேசாத, நான்தான் செய்வேன்” என்றாள். பாண்டிச்செல்வி குனிந்து வளையலை அடுக்கிக்கொண்டே, “சரிக்கா” என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினாள் எழிலரசி.

ஏழாம் மாதம் வளைகாப்பு. அதற்கு முந்தின நாள் மத்தியானத்துக்குள் ஒன்பது தட்டும் தயார். ஒன்பதாவதுதான் அவள் உயிரைக் கொடுத்துச் செய்தது: கண்ணாடி வளையல்களையே சுற்றுச் சுற்றாக ஒட்டி ஏற்றிய தொட்டில். இதுவரை அப்படி ஒன்று அவளே செய்ததில்லை. ஊரிலிருந்து வந்திறங்கிய பாண்டிச்செல்வியின் மாமியார் மாடத்தியைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம். மாடத்தியோ தொட்டிலைத் தொட்டுப் பார்த்து, “ஏத்தா, எம்புட்டு அழகா இருக்கு! உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்” என்றாள். எழிலரசிக்கு அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் பாண்டிச்செல்வி வந்து வாசல்படியிலேயே நின்றாள்.

“இன்னாடி அங்கயே நின்னுகினு? காலு வீங்கிக்கீது பாரு. உள்ள வந்து உக்காரு.”

உட்காரவில்லை. “யக்கா, தப்பா நெனைக்காதிய. தட்டு எல்லாத்தையும் நான் பிரிச்சு, திரும்ப என் கையால அடுக்கிக்கிடுதேன். நாளைக்கு மட்டும் நீங்க... வெளிய எங்கயாச்சும் போயிட்டு வாரியளா?”

எழிலரசிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றாள். “உங்க அத்த சொன்னாங்களா?”

“அத்தைக்குத் தெரியவே தெரியாது. நாந்தாங்க்கா.”

“ராசியும் கிடையாது, கீசியும் கிடையாதுடி! நானே கட்டிவுட்டது. உங்கிட்டதான சொன்னேன்? ரெண்டு பேரும் சிரிச்சமே!”

“தெரியும்க்கா. பொய்யின்னு நல்லாத் தெரியும்.” பாண்டிச்செல்வி வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். அழுதாள். “ஆனா வயித்துல புள்ள இருக்கே. என்ன செய்ய?”

ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலத்தான் இருந்தது. வாய் நிறையத் திட்டும் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? வேல்விழி வயிற்றில் இருந்தபோது இப்படி ஒருத்தி தட்டோடு வந்து நின்றிருந்தால், எழிலரசி வாசலோடு அனுப்பியிருப்பாள். அது அவளுக்குத் தெரிந்தது. யார் கை படுகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லி, மண்டபம் மண்டபமாக ஓதியதே அவள் வாய்தானே. “எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டுச் சுவர் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

பாண்டிச்செல்வி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். திரும்ப அடுக்கத் தடுமாறியபோது, எழிலரசி இருந்த இடத்திலிருந்தே, “பசைய கம்மியா வைடி, சாஞ்சுடும்” என்று சொன்னாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். தொட்டிலின் அடிச்சுற்று மட்டும் பசை இறுகிப் பிரியவில்லை. பாண்டிச்செல்விக்கு முதுகு வலி. இழுத்துப் பார்த்துவிட்டு அதை அப்படியே விட்டு மேலே அடுக்கிவிட்டாள். அந்தச் சுற்று தன் கை ஒட்டியது என்று எழிலரசி பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போய்ச் சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பின்போர்ஷனில் யாராவது இருமினால்கூட எழுந்து ஓடினாள். அந்த ஒரு சுற்று வளையல் நெஞ்சிலேயே நின்றது. பொய்யைக் கட்டிவிட்டவளே அதற்குப் பயந்து நடுங்கினாள்.

ஆண் குழந்தை. மூன்று கிலோ. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. செய்தி கேட்டதும் எழிலரசி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் ராமன் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் கை பட்ட தட்டு சபையில் இருந்தது. நாலு பேர் பார்த்தார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. இனி ஊரைக் கூட்டிச் சொல்லலாம்! ஆஸ்பத்திரிக்கு அவள் ஓட்டமாகத்தான் போனாள்.

கட்டிலில் பாண்டிச்செல்வி குழந்தையை அணைத்துப் படுத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. எழிலரசியைப் பார்த்ததும் கண் கலங்கியது.

“யக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? நீங்க மனசு கோணாம அன்னைக்கு ஒதுங்கிக்கிட்டிய. அதனாலதான் புள்ள நல்லபடியா வந்திருக்கு.”

சொல்ல வந்தது எழிலரசியின் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் தொழில் திரும்பும். சொன்னால், நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் இவள் அந்தச் சுற்று வளையலைத்தான் நினைப்பாள். பிள்ளை கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பாண்டிச்செல்வி அதைத் தூக்கித் தரவில்லை, எழிலரசியும் கேட்கவில்லை.

“நல்லா இருக்கட்டும்டி” என்று மட்டும் சொன்னாள். வெளியே வந்து இசக்கிபாண்டியிடம், கேன்டீனில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டாள்.