விறாந்தை லைற்றும் மகனின் போனும்

முப்பது வருடம் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்தவள் நான். சாக்குக்குள் கையை விட்டாலே அரிசியில் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அதனால், வீட்டு லைற்றுகளுக்கும் மின்விசிறிகளுக்கும் போனில் இயக்கக்கூடிய புதுவிதச் சுவிச் பூட்டப்போவதாக மகன் கனடாவிலிருந்து அறிவித்தபோது, எந்தச் சுவிச் என்பதை நான்தான் தீர்மானிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

"உங்களுக்குக் கண் தெரியாதே அம்மா," என்றான்.

"சுவிச்சை என்ன கண்ணாலயோ போடுறது?" என்றேன்.

கண் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண்ணில் அழுத்தம். சத்தம் சந்தடி இல்லாமல் வந்து, பார்வையின் ஓரங்களைத் தின்று, கடைசியில் நடுவுக்கும் வந்துவிட்டது. வலது கண் முழுதாகப் போய்விட்டது. இடது கண்ணுக்குப் பகலா இரவா என்பது தெரியும். வெயிலில் யாராவது நடந்தால் நிழல் அசைவதும் தெரியும். மின்குமிழ் எரிகிறதா இல்லையா என்பது மட்டும் தெரியாது. அதற்காக நான் மூலையில் குந்திவிடவில்லை. கணவர் போன பிறகும் புளியங்கூடலில் அதே வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். சமைப்பது நான், முற்றம் கூட்டுவது நான். குசினி அலுமாரியில் எந்தப் போத்தல் எங்கே நிற்கிறது என்பது கண் தெரிகிற பலரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

வினை ஒரு மின்குமிழால் வந்தது. எங்கள் வீட்டில் சுவிச் கீழே அழுத்தியிருந்தால் லைற் எரிகிறது, மேலே இருந்தால் அணைந்திருக்கிறது. விரலை வைத்துப் பார்த்தால் போதும். ஆனால் குமிழே பழுதாகிவிட்டால் விரலுக்கு எப்படித் தெரியும்? விறாந்தைக் குமிழ் செத்து ஐந்து நாள் ஆகியிருக்கிறது. நான் ஒவ்வொரு நாளும் பொழுதுபட ஒழுங்காகச் சுவிச்சைப் போட்டு, அதன் கீழ் கதிரையில் இருந்து என் வேலையைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் நாள் கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி, நான் மரவள்ளிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, என்னிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிப் போய் என் மகனுக்குப் போன் எடுத்துவிட்டாள். "தம்பி, அக்கா இருட்டுக்க கத்தியோட இருக்கிறா," என்றாளாம். கேட்கிறவனுக்கு நெஞ்சு அடைக்காமல் என்ன செய்யும்!

அடுத்த நாள் தீர்ப்பு வந்தது. அவன் மாசி மாதம் வருவான். அதுவரை, வீட்டில் லைற் எரிகிறதா, மின்விசிறி சுற்றுகிறதா என்று அங்கிருந்தே பார்க்கவும் போடவும் அணைக்கவும் கூடிய சுவிச் பூட்டப்படும். நான் தனியாகச் சமாளிக்கிறேன் என்று அவனுக்கு நம்பிக்கை வந்தால் சரி. வராவிட்டால் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு என்னைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

கனடாவைக் குறை சொல்ல மாட்டேன். கண் தெரிந்த காலத்தில் ஒருமுறை போய் மூன்று மாதம் இருந்தவள். என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். ஆனால் ஒரு தேத்தண்ணி போடுவதற்குக்கூட நான் யாரையாவது கேட்கவேண்டியிருந்தது. கண் தெரிந்தபோதே அப்படி என்றால் இப்போது எப்படி! இந்த வீட்டில் நான் யாரையும் எதற்கும் கேட்பதில்லை. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னத் தெருவுக்கு, இந்தச் சுவிச் புதிதல்ல. பத்து வீட்டில் ஆறு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் லண்டனிலும் பாரிசிலும். பொழுதுபட்டால் அந்த வீடுகளில் ஒவ்வொன்றாக லைற் எரியத் தொடங்கும். உள்ளே ஆள் இருப்பதாகக் கள்ளருக்குக் காட்ட, அங்கே இருந்தபடியே போனில் போடுகிறார்களாம். ஆக, ஆளில்லாத ஆறு வீட்டிலும் வெளிச்சம், ஆள் இருக்கிற என் வீட்டில் இருட்டு. அது எனக்குப் பெரிய மானக்கேடாகப் பட்டது. வெளிச்சம் எனக்குத் தேவையில்லைதான். ஆனால் படலையைத் திறந்து வருகிறவர்களுக்குத் தேவை. நான் இருட்டுக்குள் இருக்கிறேன் என்று யாரும் பரிதாபப்படுவதும் எனக்குப் பிடிக்காது.

அந்த ஆறு வீட்டுக்கும் வேலை செய்த வயரிங்காரத் தம்பிதான் எனக்கும் வந்தார். மண்டைதீவுக்காரர். தகப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் கரண்டைப் பிடித்துக்கொண்டார். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, விறாந்தை மேசையில் மூன்று விதமான சாமான்களைப் பரப்பினார்.

"அக்கா, இப்ப எல்லாரும் கேக்கிறது இதைத்தான். முழுக்கக் கண்ணாடி. தொட்டாலே காணும், எரியும்."

தடவிப் பார்த்தேன். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

"இதில மூண்டு சுவிச் எண்டு சொல்லுறீர். எங்க இருக்கு?"

"வட்டம் வட்டமாக் கீறியிருக்கு அக்கா."

"கீறினது ஆருக்குத் தெரியும்? நான் தடவித் தேடேக்கையே மூண்டும் எரிஞ்சிடும். பேந்து எதைப் போட்டனான், எதை நூத்தனான் எண்டு எனக்கு ஆர் சொல்லுறது?"

மற்றவர்களுக்குத் தேடுவது வேறு, தொடுவது வேறு. எனக்கு இரண்டும் ஒன்று. கண்ணாடியைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன்.

இரண்டாவது, அழைப்புமணிச் சுவிச் மாதிரியானது. அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வந்துவிடும். நல்ல கட்டை, விரலுக்குப் பிடி கிடைக்கிறது. ஆனால் போட்டாலும் அணைத்தாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. பிறகு தொட்டுப் பார்த்தால் ஒரு மறுமொழியும் கிடைக்காது. அதையும் தள்ளினேன்.

மூன்றாவது ஒரு நெருப்புப்பெட்டி அளவுச் சாமான். அதைச் சுவருக்குள், பழைய சுவிச்சுக்குப் பின்னால் ஒளித்துவிடலாமாம். வெளியே என் பழைய சுவிச் அப்படியே இருக்கும். மகனுக்குப் போன், எனக்கு விரல்.

"இதுதான்," என்றேன்.

"அக்கா, வீட்டு வயரிங் பழசு. சுவிச்சுக்குப் பின்னால நியூற்றல் வயர் இல்லை. அது இல்லாமல் இந்தப் பெட்டி வேலை செய்யாது. கூரையிலயிருந்து இறக்கவேணும், ஒரு நாள் வேலை கூடும்."

"இறக்கும்," என்றேன். சாமான் நல்லதென்றால் வேலைக்குப் பின்வாங்குகிற பழக்கம் எனக்கில்லை. விறாந்தையில் இனி ஒன்றுக்கு இரண்டு குமிழ் போடும்படியும் சொன்னேன். இரண்டும் ஒரே நாளில் சாகாது.

எல்லாம் பூட்டி முடித்து மின்விசிறியைப் போட்டுக் காட்டினார். வேகம் கூட்டலாம், குறைக்கலாம். குறைத்தபோது விசிறி உம்மென்று முனகியது.

"தம்பி, ஃபான் முனகுது."

"எனக்கொண்டும் கேக்கேல்லையே அக்கா."

"வடிவாக் கேளும்."

கதிரையில் ஏறிக் காதை வைத்துக் கேட்டவர், இறங்கி வந்து பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார். லைற் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியை மாறி மின்விசிறிக்குப் பூட்டியிருக்கிறார். அப்படியே விட்டிருந்தால் மோட்டார் சூடாகிப் பழுதாகியிருக்குமாம். அடுத்த நாள் மின்விசிறிக்கென்று செய்ததைக் கொண்டுவந்து மாற்றினார். அதற்குப் பிறகு அவர் எதைப் பூட்டினாலும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவிட்டுத்தான் திருகாணியை இறுக்கினார். எனக்கு ஒரே பெருமை.

ஒரு கிழமை எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு ஒருநாள் பொழுதுபட, பக்கத்து வீட்டுக்காரி படலையில் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, ஏன் இன்னும் லைற் போடேல்லை?"

"போட்டு எவ்வளவு நேரம்!" என்றேன்.

"இல்லையக்கா. கும்மிருட்டா இருக்கு."

எழுந்துபோய்ச் சுவிச்சைத் தொட்டேன். கீழேதான் இருந்தது. மேலே தட்டினேன். "இப்ப எரியுதக்கா," என்றாள். அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள், முன்யோசனையாக மேலே தட்டி வைத்தேன். அன்றைக்கும் இருட்டு என்றாள். கண் போனபோதுகூட நான் இப்படிக் கலங்கவில்லை, ஏனென்றால் அப்போது விரல் இருந்தது. இனி விரலையும் நம்ப ஏலாதென்றால் மகன் சொல்வதுதான் சரியோ என்று முதல்தடவையாக நினைத்தேன். அன்று இராச்சாப்பாடு சமைக்கவும் மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அவனே போன் எடுத்தான்.

"அம்மா, இப்ப கொஞ்ச நாளா நான்தான் ஆறரைக்கு விறாந்தை லைற் போட்டுவிடுறன். நீங்கள் ஏன் உடன நூக்கிறீங்கள்?"

"என்னடா சொல்லுறாய்?"

"மூண்டு நாளாப் பாக்கிறன். நான் போட, நீங்கள் நூத்துப்போடுறீங்கள். தடுமாறத் தொடங்கிட்டீங்கள் அம்மா."

எனக்கு விளங்கிவிட்டது. அவன் அங்கிருந்து போடுகிறான். எரிவது எனக்குத் தெரியாது. நான் வந்து, போடுவதாக நினைத்துச் சுவிச்சைத் தட்டுகிறேன். சுவருக்குள் இருக்கிற பெட்டிக்கோ எந்தப் பக்கம் தட்டினாலும் ஒன்றுதான்: எரிகிறதை அணைக்கும், அணைந்திருப்பதை எரிய வைக்கும். சுவிச் மேலே நின்றால் என்ன, கீழே நின்றால் என்ன, அதற்கும் லைற்றுக்கும் இனித் தொடர்பே இல்லை. என் விரல் பொய் சொல்லவில்லை. இவன் சுவிச்சைப் பொய் சொல்ல வைத்திருக்கிறான்.

"தடுமாறினது நான் இல்லையடா," என்று போனை வைத்துவிட்டேன். பயம் போய்க் கோபம் வந்ததில் எனக்குப் பசியும் வந்துவிட்டது. எழும்பிப் புட்டு அவித்தேன்.

காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிதானமாக யோசித்தேன். அவன் மின்விசிறியிலும்தான் கைவைக்கிறான். பின்னேரம் நான் வானொலி கேட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று காற்றைக் கூட்டுவான், குறைப்பான். அதில் நான் ஒருநாளும் குழம்பவில்லை. காற்று முகத்தில் படுகிறது, சத்தம் காதில் விழுகிறது. யார் என்ன செய்தாலும் விசிறி எனக்குத் தெரியப்படுத்திவிடும். லைற் ஒன்றும் தெரியப்படுத்தாது. அப்படியென்றால் முடிவு லேசு. தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, லைற்றுகளுக்குப் பூட்டின பெட்டியளைக் கழட்டும். ஃபானில மட்டும் இருக்கட்டும்."

"என்னக்கா, எல்லாரும் லைற்றுக்குத்தானே முதல் போடுறவை! மகனிட்டக் கேட்டனீங்களோ?"

"வீடு ஆற்றை தம்பி, என்ரையோ அவன்ரையோ?"

அவர் மத்தியானமே வந்து கழற்றினார். சரியாக ஆறரைக்கு மகன் போன் எடுத்தான். அங்கே அப்போது காலை எட்டு மணி. வேலைக்குப் போய் இருக்கிற நேரம்.

"அம்மா, போனில லைற்றைக் காணேல்லை."

"கழட்டியாச்சு."

சத்தம் போட்டான். இவ்வளவு செய்து தந்தும் எனக்கு விளங்கவில்லை என்றான், பிடிவாதம் என்றான். நானும் விடவில்லை. பிறகு அவன் குரல் இறங்கியது.

"காலமை வந்து இருந்து, போனைத் திறந்து, உங்கட லைற் எரியுறதைப் பாத்தாத்தானம்மா எனக்கு அண்டைய வேலை ஓடும். அதையும் பிடுங்கிப்போட்டீங்கள்."

என் மனம் உருகிவிட்டது. திரும்பவும் பூட்டச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"எங்கட ஒழுங்கையில வெளிநாட்டிலயிருந்து லைற் போடுற வீடு ஆறு இருக்கு. ஒண்டிலயாவது ஆள் இருக்கோ? நீ அங்கயிருந்து லைற் போட்டால் இதுவும் ஏழாவது பூட்டின வீடுதான். நான் இஞ்ச இருக்கிறனடா. என்ர லைற்றை நான்தான் போடவேணும்."

பிறகு நானும் குரலைத் தணித்தேன்.

"ஃபானை நீ வைச்சிரு," என்றேன். "கூட்டு, குறை, என்னவும் செய். காத்து மாறினால் என்ர பிள்ளை நினைக்கிறான் எண்டு எனக்குத் தெரியும்."

போனை வைக்கும்போது அவன் அழுதான் என்று நினைக்கிறேன். நானும்தான்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் ஒவ்வொரு பின்னேரமும் பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் எடுத்து, அம்மா லைற் போட்டுவிட்டாவா என்று விசாரித்திருக்கிறான். அவளே வந்து என்னிடம் சொன்னாள். அவள் வயிற்றில் எதுவும் தங்காது. நான் கோபிக்கவில்லை. பிள்ளைதானே, விசாரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாற்போல ஒரு குரலில் கேட்டாள்.

"உங்கட மகன் ஒரு கிழமையா எனக்குப் போன் எடுக்கேல்லை. என்னோட ஏதும் கோவமோ அக்கா?"

"உமக்கு எடுக்காமல் விட்டால் எனக்கு நல்லதுதான்," என்று சொல்லிச் சிரித்தேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று ஆறரைக்கு அவன் எனக்கே எடுத்தான்.

"லைற் போட்டிட்டீங்களோ அம்மா?"

"ஓம், போட்டிட்டன்."

"எரியுதோ?"

எனக்கும் அது தெரியாது, இப்போது அவனுக்கும் தெரியாது. "எரியுது," என்றேன்.

"சரி அம்மா," என்றான். வேலை தொடங்கப்போகிறது என்று வைக்கப்போனவன், நின்று சொன்னான்.

"மாசியில வாறன். கூட்டிக்கொண்டு போக இல்லை. உங்களோட இருந்திட்டுப் போக."