அத்தை சுட்ட சப்பாத்தியும் என் சந்தேகமும்

என் மாமியார் என் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார் என்று எட்டு மாதம் நம்பினேன். அம்மனை நம்பும் உங்கள் முன்னால் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அம்மன் எனக்குச் செய்ததை மறைக்க மனம் வரவில்லை.

கல்யாணமாகி கணவர் ஊரான புக்கிட் பெலிம்பிங் வந்த சில மாதங்களில் என் வயிறு கெட்டது. போன தைப்பூசத்துக்குப் பிறகு இன்னும் மோசம். வயிற்றுப்போக்கு, உப்புசம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பதினோரு கிலோ இளைத்துவிட்டேன்.

என் கணவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். அதனால் வீட்டில் தினமும் சப்பாத்தி. அத்தை சுட்டுப் போட்டுவிட்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார். எதற்கு அப்படிப் பார்க்கிறார்?

சுங்கை ஆயர் தாவாரில் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் சோறும் மீன் குழம்புமாகச் சாப்பிட்டேன். வயிறு அடங்கியது. திரும்பி வந்த நாலாம் நாளே பழையபடி ஆரம்பித்தது. வேறென்ன நினைப்பேன்? மருந்து வைத்துவிட்டார் என்றே முடிவு கட்டினேன்.

ஆடி வெள்ளியன்று கோவிலில் நின்று அழுதேன். "தாயே, என் சோத்துல கை வைக்கிறது யாருன்னு காட்டு." அங்கேயே மயங்கி விழுந்தேன்.

கூட வந்திருந்த அத்தைதான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். நான் வாய் திறக்குமுன் அவரே பேசினார்.

"நான் கவனிச்சிக்கிட்டே வர்றேன் டாக்டர். சப்பாத்தி, ரொட்டி, மீ நூடுல்ஸ் சாப்பிட்டாதான் இவளுக்கு வருது. அரிசி பீஹூன் சாப்பிட்டா ஒன்னும் இல்ல லா. கோதுமை ஆகலியோ?"

அந்தப் பார்வைக்கு இதுதானா அர்த்தம்? அப்போதும் சந்தேகம் விடவில்லை. தப்பிக்க முந்திக்கொள்கிறாரோ?

டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

"கோதுமை ஒத்துக்காதவங்களுக்கு வயிறு கஷ்டப்படும், ஆனா குடல் கெடாது. சீலியாக் நோய் வேற. கோதுமையில இருக்கிற குளூட்டன் உள்ள போனா, உடம்பே தன் சிறுகுடலத் தாக்கும். சத்து சேராது. ரெண்டும் வெளிய ஒரே மாதிரிதான் தெரியும். ரத்தம் சோதிச்சு, குடல்ல துளி சதை எடுத்துப் பாக்கணும். அதுவரைக்கும் சப்பாத்திய நிறுத்தாதீங்க. நிறுத்தினா டெஸ்ட்ல தெரியாம போயிரும்."

அதே கையால் இன்னும் சில வாரம் சாப்பிட வேண்டும்! அம்மன் பெயரைச் சொல்லிச் சொல்லி விழுங்கினேன். ஒருநாள் தட்டை வைக்கும்போது அத்தை அழுதுவிட்டார்.

"ஆகாதுன்னு தெரிஞ்சே ஒனக்குப் போட வேண்டியிருக்கே."

அன்றுதான் என் சந்தேகம் உடைந்தது.

சோதனையில் சீலியாக் என்று உறுதியானது. அத்தையின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமேம்மா."

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்கென்று கோதுமை படாத தனி தோசைக்கல் வாங்கி வந்தார். பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கிறதா, சோயா கிச்சாப்பில் இருக்கிறதா என்று இப்போது கடைக்காரரைக் குடைவதும் அவர்தான்.

இனி ஆயுசுக்கும் எனக்குக் கோதுமை கிடையாது. உடம்பு தேறி வருகிறது. நான் ஆளைக் காட்டச் சொன்னேன். தாய் நோயைக் காட்டினாள். அவளுக்குக் கோடி நன்றி.

உங்கள் மனதிலும் யார்மேலாவது இப்படி ஒரு நினைப்பு இருந்தால், அம்மனிடம் போய் அழுங்கள். டாக்டரிடமும் போங்கள். தாய் பதில் தருவாள். நீங்கள் எதிர்பார்த்த பதிலாக இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.