அத்தையும் செவ்வாய்க்குப் போன வண்டியும்

என் அத்தைக்குச் செவ்வாய் தோஷம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ஜாதகக் கட்டத்தில் அந்தக் கிரகம் ஆகாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறதாம். பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போயி சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துவிடுவார்கள். சொல்லி அனுப்பியவர் யாரும் இல்லை.

அப்போது நான் நைனார்பாளையத்தில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கு ஆளில்லாத வண்டி ஒன்றை அனுப்பியிருப்பதாக வாத்தியார் சொன்னார். அங்கே ஒரு காலத்தில் தண்ணீர் ஓடியதா, கல்லிலும் மண்ணிலும் என்னென்ன இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிராவது பிழைத்திருக்க முடியுமா என்று பார்த்துச் சொல்வதுதான் அதன் வேலை. வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன்.

சித்தப்பா சிரித்தார். "நம்ம கொல்லையில போட்ட போருல வெறும் புழுதிதான் வந்துச்சு. அவன் அங்க போயி தண்ணி தேடறானா?"

எனக்கு வேறு நம்பிக்கை. கல்லையே சுரண்டிப் பார்க்கிற வண்டி, தோஷத்தைப் பார்க்காமலா போகும்?

அந்த வாரமே திருக்கோவிலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பொட்டு நேராக இருக்கிறதா என்று அத்தை என்னிடம்கூடக் கேட்டது. காபி குடித்து முடித்த மாப்பிள்ளையின் அம்மா, "செவ்வா இருக்குதாமே?" என்று இழுத்தார். பெரியவர்கள் பதில் சொல்வதற்குள் நான் முன்னால் போய் நின்றேன்.

"அங்க வண்டி பாத்துக்கினு இருக்குதுங்க. தோஷம் இருந்தா போட்டோ எடுத்து அனுப்பிடும். அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

கூடமே சிரித்தது. மாப்பிள்ளைகூட, "வேற இன்னாடா தேடுது அது?" என்று ஆசையாகக் கேட்டார். தண்ணீர், மண், காற்று, உயிர் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய அம்மா எழுந்துவிட்டார். மாப்பிள்ளையும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டு, செவ்வாயில் மனுசங்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டது. ஒரு பூச்சிகூட இன்னும் அகப்படவில்லை என்றேன்.

"நல்லதாப் போச்சு. இருந்திருந்தா, அங்க இருக்கற பொண்ணுக்குப் பூமி தோஷம்னு சொல்லிக்கினு இருப்பாங்க."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தையும் சிரித்தது. அடுப்பங்கரையில் இருந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்து, என்னைத் தெருவில் போய் விளையாடச் சொல்லிவிட்டு, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு நல்ல வேடிக்கைக்கு அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.