ஒரகடத்தில் இருபத்தோராவது கூடை

போன தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் போய் வந்தேன், கூடை பார்க்க. இதைச் சொன்னபோது அலுவலகத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் அக்கறையோடு, "அங்கிருந்து காஞ்சிபுரம் பக்கம்தானே, தறியாவது பார்த்துட்டு வாங்க" என்றார். தறிக்கூடங்களை நான் பலமுறை பார்த்தாயிற்று. சுற்றிக் காட்டுபவர் சொல்லும் கதையும், கடைசியில் புடவை விரித்துக் காட்டும் அறையும் எனக்கு மனப்பாடம். கைவினை என்ற சொல்லைத் தொடர்ந்து வரும் பெருமூச்சுகளில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

ஆனால் கையால் செய்த பொருள்கள் பிடிக்கும். பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. வீட்டில், பழைய புடவைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பேன். அப்படி ஒரு போர்வை நெடுநாளாகப் பாதியில் நிற்கிறது. அதற்கான மெரூன் துணி தீர்ந்துவிட்டது, அதே மெரூன் எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

டிசம்பரில் தாம்பரம் பேருந்து ஒன்றில் பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் ஒரு கூடையைப் பார்த்தேன். பெட்டிகளைச் சுற்றிக் கட்டுகிற பிளாஸ்டிக் பேக்கிங் பட்டையில் பின்னியது. மஞ்சளும் வெள்ளையும். அவ்வளவு சுத்தமான பின்னலை நான் கடைகளில் பார்த்ததில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "வாங்கல மேடம், நாங்கதான் போடறோம்" என்றார். பெயர் சுதா. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோழி கவிதாவின் வீட்டு மாடியில் பின்னுவார்களாம். வழி சொல்லி, வந்தால் பார்க்கலாம் என்றார். நான் போகும் ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஒரு விசேஷம் இருக்கும் என்ற பேச்சே அப்போது வரவில்லை.

தாம்பரத்தில் காலை எட்டேகால் மணிக்குக் காஞ்சிபுரம் பேருந்து கிடைத்தது. ஒரகடத்துக்கு முப்பது ரூபாய். தூரம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஆனது. படப்பை வரை வண்டி ஊர்ந்தது. மனைப்பிரிவுகளின் கொடிகளும் வளைவுகளும் முடிந்தபின் சாலை அகலமாகி, இரு பக்கமும் தொழிற்சாலை மதில்கள் நீண்டன. சன்னல் ஓரமாக உட்கார்ந்தால் இடது பக்கம் ஏரி ஒன்று தெரியும், அதில் கொக்குகள் இருந்தன. ஒளிப்படம் எடுக்க நினைப்பதற்குள் ஒரு கன்டெய்னர் லாரி மறைத்துவிட்டது.

ஒரகடம் சந்திப்பிலிருந்து வாலாஜாபாத் சாலையில் ஷேர் ஆட்டோ. இருபது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"யார் வூட்டுக்கும்மா?"

"கூடை பின்றாங்களாமே, அதைப் பார்க்க வந்தேன்."

"கூடையா? எல்லாரும் பட்டு பாக்கப் போவாங்க. நீ இன்னாமா, பட்டை பாக்க வந்துகிற?" அவருடைய நகைச்சுவை அவருக்கே மிகவும் பிடித்துவிட்டது. இறங்கும் வரை இரண்டு முறை சொல்லிச் சிரித்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பச்சை நிற மாடி வீடு என்று அவரே காட்டியும் விட்டார்.

மாடியில் தகரக் கூரைக்குக் கீழே மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் இசக்கி. வள்ளியூர்ப் பக்கம், இங்கே விடுதியில் தங்கி வேலை செய்கிற பெண். அவள் பட்டைகளை வெட்டிக் கூடையின் அடியைப் பின்னினாள். அடுத்து கவிதா, வீட்டுக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும், சுவர்களை எழுப்பினார். கடைசியில் சுதா, விளிம்பை மடித்துச் சொருகி முடித்தார். கூடை இடமிருந்து வலமாக நகர்ந்தது. வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் உட்காருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் லைன் போட்டிருக்கிறார்கள். கைவினை என்றால் ஒருவரே தொடங்கி ஒருவரே முடிப்பது என்று என் மனதில் ஒரு படம் இருந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. இவர்கள் கை ஓட ஓடச் சூப்பர்வைசரைப் போல நடித்துக் காட்டினார்கள், ஒருவரை ஒருவர் திட்டினார்கள், பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி போட்டார்கள். இவ்வளவு கலகலப்பான வேலையிடத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

பட்டை, சந்திப்புக்குப் பக்கத்தில், தொழிற்சாலைக் கழிவுகளை வாங்கி விற்கும் ஸ்க்ராப் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிறது. மஞ்சளும் வெள்ளையும் மட்டும் பொறுக்கி எடுத்து, வெந்நீரில் போட்டு மடிப்பு நீக்கி, துடைத்து வைத்திருந்தார்கள். ஓரமாக, தாம்பாளம் போல அகலமும் குட்டையுமாக, இருபது கூடைகள் அடுக்கியிருந்தன.

"விற்கவா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, சீர் வைக்க. எங்க வூட்டுக்காரரோட அக்கா பொண்ணு பெரிய மனுஷியாயிட்டா. சாயந்திரம் வாலாஜாபாத்துல மண்டபம். தாய்மாமன் சீரு எங்களுது" என்றார் கவிதா. "வாடகைத் தட்டு எடுத்தா ஜிகினாவும் கண்ணாடித் தாளும் ஒட்டிக் குடுப்பான். மறுநாள் திருப்பிக் குடுக்கணும். இது அவங்க வூட்லயே இருக்கட்டுமேன்னு பாத்தேன். அதோட எனக்கு இதைப் போடத்தான் ஆசை."

நாத்தனாருக்கு இது பிடிக்கவில்லை. நான் இருக்கும்போதே தொலைபேசியில் வந்தார். கவிதாவின் கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"இன்னா கவிதா, கம்பெனி குப்பையில சீர் கொண்டாறியாம்? ஊரே சொல்லுது."

"கொண்டாறேன் அண்ணி. பாத்துட்டு சொல்லுங்க."

"எத்தினி?"

"இருபத்தொண்ணு."

"சரி. வாசல்லதான் நிப்பேன்."

தொலைபேசி அணைந்ததும் மூவரும் சிரித்தார்கள். கவிதாவின் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. "கல்யாணமான நாள்லேருந்து நான் எது செஞ்சாலும் அதுல ஒரு கொறை கண்டுபுடிப்பாங்க. இன்னைக்கு ஒண்ணும் கெடைக்கக் கூடாது" என்றார்.

இருபத்தோராவது கூடை அப்போது சுதாவின் கையில் முடிந்துகொண்டிருந்தது. சரியாக வந்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று நான் கேட்டேன். சுதா உற்சாகமாகக் காட்டினார். கூடையை வெளிச்சத்தில் சாய்த்து, கட்டை விரலால் ஒவ்வொரு பின்னலாகத் தடவிக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்க பாருங்க மேடம். ஒண்ணுக்கு மேல போக வேண்டிய பட்டை ரெண்டுக்கு மேல போய்க்கீது." இடுப்புப் பையிலிருந்து சிவப்பு டேப் ஒரு துண்டு கிழித்து அந்த இடத்தில் ஒட்டினார். அடுத்த நொடி கட்டரை எடுத்து விளிம்பிலிருந்து அடி வரை ஒரே இழுப்பாக வெட்டினார்.

தொழிற்சாலையில் அதுதான் முறையாம். கழித்த பொருள் நல்ல பொருளோடு கலந்துவிடக் கூடாது, அதனால் டேப் ஒட்டிய கையோடு வெட்டிவிட வேண்டும்.

"ஏய் சுதா! இன்னாடி பண்ண?" என்று கத்தினார் கவிதா.

சுதா தன் கையையே பார்த்தார். "ரிஜெக்ட்டுடி... கை தானா போய்டுச்சு."

"அது கம்பெனிடி. இது வூடு!"

"நல்லாத்தான இருந்துச்சு, ஏங்க்கா வெட்டுனீய?" என்றாள் இசக்கி, பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக.

மணி பன்னிரண்டரை. வேன் நாலு மணிக்கு. இருபது இரட்டைப்படை, சீருக்கு ஆகாது. அப்படியானால் ஒன்றைக் குறைத்துப் பத்தொன்பதாகக் கொண்டு போகலாமே என்று, கணக்காகத்தான், சொன்னேன். கவிதா தலையாட்டினார். "இருபத்தொண்ணுன்னு வாயால சொல்லிட்டேம்மா. அண்ணி எண்ணுவாங்க."

மஞ்சள் பட்டை தீர்ந்திருந்தது. வெள்ளையில் கையளவுத் துண்டுகள்தான். ஸ்க்ராப் கடைக்காரரை அழைத்தார்கள். அவரும் ஏதோ கல்யாணத்தில் இருந்தார், பின்னணியில் பேண்டு சத்தம் கேட்டது. மாடியில் கறுப்பு ஒரு கட்டு இருந்தது. விசேஷத்துக்குக் கறுப்பா என்று அதைத் தொடக்கூட யாரும் தயாராக இல்லை.

அப்போது இசக்கி எழுந்து மாடியின் மறு ஓரத்தைக் காட்டினாள். வேப்ப மர நிழலில், நீலப் பேக்கிங் பட்டை பின்னிய ஓர் இரும்புக் கட்டில். அதன் மேல் நைட் ஷிப்ட் முடித்து வந்த கவிதாவின் கணவர் முருகன் தூங்கிக்கொண்டிருந்தார்.

"யோவ், எழுந்திரு" என்றார் கவிதா.

"வேன் வந்துடுச்சா?"

"இல்ல. கட்டில் வேணும்."

அவர் தலையணையோடு எழுந்து நின்று, தான் படுத்திருந்த இடத்தை மூன்று பெண்கள் அவிழ்ப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் கீழே போய்விட்டார். புத்திசாலியான மனிதர்.

வெந்நீரில் பட்டையை அமிழ்த்தித் துடைக்கும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் கவனித்தோம். மேலே வெயில் பட்ட பக்கம் வெளுத்து, வெளிறிய வானத்து நிறமாகிவிட்டது. கீழ்ப்பக்கம் புதிதாக வாங்கியபோது இருந்த அதே அடர் நீலம். ஒரே பட்டையில் இரண்டு நிறம். "போச்சு, திட்டுத் திட்டாத் தெரியும்" என்றார் சுதா. இசக்கி, நீளவாக்கில் போகும் பட்டைகளை வெளுத்த பக்கம் மேலாகவும், குறுக்கே போவதை அடர்ந்த பக்கம் மேலாகவும் வைத்து நாலு வரி பின்னிப் பார்த்தாள். கட்டம் போட்ட சேலையைப் போல வந்தது.

மூவரும் அதன் மேல் குனிந்தார்கள். "இது முன்னாடியே ஏன்டி தோணல நமக்கு?" என்றார் கவிதா. அதுவரை விளையாட்டாக இருந்த வேலை, அதன் பிறகு பேச்சில்லாமல் நடந்தது. சுதா விளிம்பை முடித்து, கட்டை விரலால் தடவிப் பார்த்தார். கவிதா முன்ஜாக்கிரதையாகக் கட்டரை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

சரியாக மூன்றே முக்கால். பழம், தேங்காய், லட்டு, வளையல், பூ என்று எல்லாம் கூடைகளில் ஏறின. நீலக் கூடையை எங்கே ஒளிப்பது என்று சுதா கேட்டார். கவிதா பட்டுப் புடவையை எடுத்து அதில் வைத்தார். "முன்னாடி போகட்டும்" என்றார்.

விடைபெறலாம் என்று பையை எடுத்தேன். "எங்க கெளம்பிட்டீங்க? தட்டு தூக்க ஆள் கொறையுது, வாங்க" என்றார். நான் திருமணம் செய்துகொள்ளாதவள். இதுபோன்ற இடங்களில் அது சின்னதாக ஒரு சங்கடம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். கவிதா என் கழுத்தைப் பார்க்கவில்லை. செவ்வாழைக் கூடையைக் கையில் கொடுத்தார். கூட்டத்தில் சேராமல் ஓரமாக நிற்பதையே வாழ்நாள் பழக்கமாக வைத்திருக்கும் நான், அன்று மாலை வாலாஜாபாத் கடைத்தெருவில் பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால், முன்பின் தெரியாத பெண்களோடு வாழைப்பழம் சுமந்து நடந்தேன்.

அண்ணி சொன்னபடியே மண்டப வாசலில் நின்றார். விரலை நீட்டி, வாய்விட்டு எண்ணினார். இருபத்தொன்று வந்ததும் விரல் திரும்பி முதல் கூடைக்குப் போனது.

"இது மட்டும் இன்னா வேற மாதிரி கீது?"

"அதுலதான் அண்ணி பட்டு வெச்சிருக்கேன்."

அண்ணி புடவையைத் தூக்கி மகளின் கையில் கொடுத்துவிட்டு, கூடையை வெளிச்சத்தில் சாய்த்தார். உள்ளே பார்த்தார், கவிழ்த்து அடியைப் பார்த்தார். சுதா தன் கூடையோடு என் பக்கம் நெருங்கி நின்றார்.

"எந்தக் கடையில வாங்கின?"

கவிதா வாயைத் திறப்பதற்குள் முருகன் பின்னாலிருந்து சொன்னார்: "அது என் கட்டிலு, அக்கா."

கதை தெரிந்ததும் சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பேண்டுக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். அண்ணி சிரிக்கவில்லை. சடங்கு முடியும் வரை மற்ற கூடைகளை மேடையில் விட்டுவிட்டு, அந்த நீலக் கூடையை மட்டும் இடுப்பில் இடுக்கிக்கொண்டே நடமாடினார். பந்தியில் கவிதாவின் இலைக்கு எதிரே வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கட்டில்ல மீதி எத்தினி கூடைக்கு வரும்?"

கவிதா சாப்பிடுவதை நிறுத்தி, உண்மையாகவே கணக்குப் போட்டு, "ரெண்டு வரும் அண்ணி" என்றார். அப்போது கவிதாவின் முகத்தை நான் ஒளிப்படம் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அங்கே கடையோ பெயர்ப் பலகையோ கிடையாது. பேருந்தில் கூடையோடு யாரையாவது பார்த்தால் கேளுங்கள், சொல்வார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஒரகடம் சந்திப்பைக் கடப்பது கடினம். காலை எட்டரை மணிக்கு மேல் பரவாயில்லை. குடிநீர் எடுத்துச் செல்லுங்கள், சாலையில் நிழல் இல்லை. முகூர்த்த நாளாகப் பார்த்துப் போகாதீர்கள், அல்லது பார்த்தே போங்கள். வாலாஜாபாத்திலிருந்து தாம்பரத்துக்கு இரவு எட்டு மணிக்குக்கூடப் பேருந்து கிடைத்தது, உட்கார இடமும் இருந்தது.

வெளியூர் போனால் புதிய எண்ணங்கள் பிறக்கும் என்பதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. கொக்கைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆனால் மஞ்சள் மீதமிருந்திருந்தால் அந்த நீலக் கூடை பிறந்திருக்காது என்பதை என் கண்ணால் பார்த்தேன். மறுவாரம் போர்வையை வெளியே எடுத்து, நின்றுபோன வரியிலிருந்து பழைய கடுகு நிறப் புடவைத் துண்டுகளை வைத்துத் தைக்கத் தொடங்கினேன். தூரத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறிய இடம் நன்றாகவே தெரிகிறது. இப்போது துணிக்கடைகளில் யாரிடமும் மெரூன் கேட்பதில்லை.