போனில் நடத்திய குடித்தனம்

நானும் என் கணவரும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பழக்கம் ஏற்பட்டது. இரண்டு வீட்டாரும் ஒரு வருடம் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு அவர்களே வந்து கல்யாணத்தை நடத்தி வைத்தார்கள். அதனால் எங்களுக்குள் பிரியம் இருக்கிறதா என்ற சந்தேகம் ஒருநாளும் வந்ததில்லை. பிரியம் இருக்கும்போதே பிரிந்துபோகக்கூடிய ஒரு நிலை வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல்யாணமானபோது அவர் ரிக் வண்டியில் வேலையாக இருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி அது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் மழை பிடிக்கும் இரண்டு மாதம் மட்டும் வீட்டில் இருப்பார். ஒன்பது வருடம் இப்படியே போயிற்று. கோழித்தீவனத்தைச் சோதித்துப் பார்க்கும் ஒரு லேபில் நான் வேலை பார்த்துக்கொண்டு மகளை வளர்த்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு, வேலை ஆரம்பிப்பதற்கு முன், அவர் போன் செய்வார். பத்து நிமிடம் பேசுவோம்.

அந்தப் பத்து நிமிடத்தில் கெட்ட சேதி எதையும் சொல்லக்கூடாது என்று நாங்கள் பேசி முடிவு செய்ததில்லை. தானாகவே அப்படி அமைந்துவிட்டது. அவ்வளவு தூரத்தில் இருப்பவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். அந்த வருடங்களில் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்ததில்லை. உறவுக்காரர்கள் எங்களை உதாரணமாகச் சொல்வார்கள்.

பிறகு அவருக்கு முதுகெலும்பில் தேய்மானம் என்று டாக்டர் சொன்னார். இனி ரிக் வேலை கூடாது என்றார். ஊருக்கே வந்துவிட்டார். மூன்று மாதம் வீட்டில் ஓய்வு, அதன் பிறகு லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர் வேலை.

ஒரே வீட்டில் தினமும் இருப்பது எங்கள் இருவருக்குமே பழக்கமில்லாத காரியம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் எழுந்தவுடன் டிவியில் செய்தி போடுவார். எனக்கு அந்த நேரம் சத்தமில்லாமல் காபி குடித்துப் பழக்கம். மகளைப் பள்ளி மாற்றியிருந்தேன். வேறொரு வேன் வந்து வாசலில் நின்றபோதுதான் அவருக்கு அது தெரிந்தது. "எங்கிட்டக் கேக்கவே இல்லையே" என்றார். கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவர் ஓய்வில் இருந்த சமயம் லேப் வேலையாக நான் இரண்டு நாள் சேலம் போய்வந்தேன். திரும்பி வந்தபோது சமையலறையில் பழைய மேடையை இடித்துவிட்டுக் கறுப்பு கிரானைட்டில் புது மேடை கட்டியிருந்தார். அழகான மேடை. ஆனால் நான் குள்ளம். பழைய மேடையை என் உயரத்துக்கு ஏற்றபடி தாழ்வாகக் கட்டச் சொல்லியிருந்தேன். புதிதை எல்லா வீட்டிலும் இருக்கும் உயரத்துக்குக் கொத்தனார் கட்டிவிட்டார். அடுப்பில் பாத்திரத்தை வைத்தால் உள்ளே என்ன கொதிக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"எப்புடி இருக்குது?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன்.

மறுநாள் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் நின்று சமைத்தேன். அவர் வரும் சத்தம் கேட்டால் பலகையைக் காலால் சிலிண்டருக்குப் பக்கத்தில் தள்ளிவிடுவேன். நாலு மாதம் இப்படிச் சமைத்தேன். மனதுக்குள் அவர்மேல் கோபம் ஏறிக்கொண்டே இருந்தது. அவராகப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தேன். பலகையை ஒளித்து வைத்ததும் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சி வடிக்கும்போது பலகை வழுக்கி, கொதிக்கிற கஞ்சி என் இடது பாதத்தில் கொட்டியது. அவர் ஓடி வந்து காலில் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே பலகையைப் பார்த்தார்.

"இது எதுக்கு இங்க கெடக்குது?"

"மேடை எனக்கு எட்டலீங்க."

"எப்பருந்து?"

"கட்டுனதுலருந்துங்க."

இன்னொரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். பிறகு, "நாலு மாசம். நெதமும் உங்கூட ஒக்காந்துதான சாப்படறேன். ஒரு வார்த்தை சொல்லோணுமல்லோ?" என்றார்.

"ஆசையாக் கட்டுனீங்க. எப்புடிங்க சொல்றது?"

"வேற என்னென்ன சொல்லாம வெச்சிருக்கற?"

சொல்லிவிட்டேன். மகளுக்கு மூன்று வயதில் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன். அந்த ஐந்து நாளும் காலையில் அவர் போன் செய்தபோது, பாப்பா தூங்குகிறது என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அவ எனக்கும் புள்ளதான?" என்றார். காலுக்கு மருந்து வாங்கி வந்து தடவிவிட்டு, மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு எருமப்பட்டியில் இருக்கும் தன் அண்ணன் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

முதல் இரண்டு நாள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அவர் வராமலே இருந்துவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் போன் செய்தார். குரல் சத்தீஸ்கரிலிருந்து பேசுவது போலவே கனிவாக இருந்தது.

"கால் எப்புடி இருக்குது கண்ணு?"

"ஆறிப்போச்சுங்க."

போனை வைத்த பிறகு காலைப் பார்த்தேன். கொப்புளம் உடைந்து சீழ் வைத்திருந்தது. அது எனக்கு முந்தின நாளே தெரியும். ஆறிப்போச்சு என்று யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. நானே திரும்ப அவரைக் கூப்பிட்டேன்.

"ஆறலீங்க. சீழ் வெச்சிருக்குது. போன்ல பேச வேண்டாங்க. ஊட்டுக்கு வாங்க."

"எதுக்கு, சண்டை போடறதுக்கா?"

"ஆமாங்க."

"வாரேன்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். முதலில் டாக்டரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தோம். பிறகு சண்டை போட்டோம். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அதுதான் முதல் சண்டை. எங்கள் இருவருக்குமே சரியாகப் போடத் தெரியவில்லை. பள்ளிக்கூடம், டிவி, மேடை என்று எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வந்தது. பேச்சுவாக்கில் அவரும் ஒன்றைச் சொன்னார். ரிக் வேலையில் ஒருமுறை பைப் சரிந்து விழுந்ததில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் அங்கேயே இறந்துபோயிருக்கிறார். மறுநாள் காலையிலும் எனக்குப் போன் செய்திருக்கிறார். அன்று என்ன பேசினார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. நல்லபடியாகத்தான் பேசியிருப்பார்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மேடையில் பாதியை இடித்துத் தாழ்வாகக் கட்டினோம். கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று ஆரம்பித்தவர், எந்த சோப்பு வாங்குவது என்பதுவரை கேட்டு என்னை எரிச்சல் படுத்தினார். நான் பழக்கத்தில் நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு, அரைமணி நேரம் கழித்துப் போய், இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை என்பேன். இதற்கே இரண்டு மூன்று வருடம் ஆயிற்று. ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த பிரியம் அந்தச் சமயத்தில் அதிகமாகவும் இல்லை, குறையவும் இல்லை. அது பாட்டுக்கு ஒரு பக்கம் இருந்தது. நாங்கள் கற்றுக்கொண்டது வேறு.

போன மாதம் அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் ராஜஸ்தானில் புதிதாக ரிக் இறக்குவதாகவும், மேனேஜராக வந்தால் போதும், பாரம் தூக்க வேண்டியதில்லை என்றும் கூப்பிட்டார். பதில் சொல்வதற்கு முன் அன்றைக்கே என்னிடம் வந்து சொன்னார். அவருக்குப் போக ஆசை என்பது முகத்திலேயே தெரிந்தது. முன்பென்றால், உங்கள் இஷ்டம் என்று சொல்லியிருப்பேன்.

"எனக்கு வேண்டாங்க. இன்னொருக்காப் போன்ல என்னால முடியாது" என்றேன்.

இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கூட்டாளிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தபோது, அதில் வருத்தமா என்று கேட்டேன்.

"இருக்குது" என்றார். இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்துப் பட்டறைக்குக் கிளம்பினார்.